ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்குப் புது ஸ்கோப்: மவுண்ட் பூட்டுவதிலிருந்து ஜீரோ வரை

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கூடினால் பேச்சு ஸ்கோப்பில்தான் போய் நிற்கும். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும், கண்ணாடி எந்த ஊர்க் கண்ணாடி, குறுக்குக்கோட்டில் விளக்கு எரியுமா என்று மணிக்கணக்காகப் போகும். அந்த ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைத்திருக்கும் மவுண்டைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு) போய் விழும் இடத்தைத் தீர்மானிப்பதில் அந்த அலுமினியத் துண்டுக்கும் அதன் ஸ்க்ரூக்களுக்கும் இருக்கும் பங்கு கண்ணாடிக்கு இருப்பதைவிட அதிகம் என்பது என் அனுபவம். அதனால்தான் இந்த வேலையைத் தொடங்கியதிலிருந்து குறிப்பு எடுத்து வைத்தேன்.

என்னுடையது உள்நாட்டில் தயாரான பிரேக் பேரல் ரைஃபிள். குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் இறுகிக்கொள்ளும். 4.5 மிமீ துளை. கிளப்பில் இருக்கும், வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் வைத்துப் பார்த்தபோது 0.547 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 238 மீட்டர் வேகத்தில் போனது. கணக்குப் போட்டால் 15.5 ஜூல் வருகிறது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி துளை 4.5 மிமீக்கு மேற்படாமல், ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமல் இருந்தால் அந்த ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் எது தாண்டினாலும் உரிமம் வேண்டும். வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். ரைஃபிளைக் கிளப்புக்குக் கொண்டுபோகும்போது அதன் நகல் பையிலேயே இருக்கட்டும்.

உரிமம் வேண்டாம் என்பதால் எதையும் சுடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இங்கே இடமில்லை. புறாவையும் கொக்கையும் ஏர் கன்னால் அடித்தாலும் அது வேட்டைதான். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் ஏர் கன்களை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கமே நடந்தது, கிராமத்து மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். பறவைகளின் சத்தமே குறைந்துபோன காடுகளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு இது காகித இலக்குக்கான கருவி, அவ்வளவுதான். இந்தப் பதிவும் அதற்காகத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஸ்பிரிங் ரைஃபிள் ஏன் ஸ்கோப்பைக் கெடுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, அதற்கு எதிராக ரைஃபிள் பின்னால் நகர்கிறது. அடுத்த கணமே பிஸ்டன், தனக்கு முன்னால் இறுகிய காற்றில் மோதி நிற்கிறது. அந்த வேகத்தில் ரைஃபிள் முன்னால் வெட்டி இழுக்கப்படுகிறது. ஒரே வெடிப்பில் இரண்டு திசைகளிலும் அதிர்ச்சி. வெடிமருந்துத் துப்பாக்கியின் உதைப்பு பின்னோக்கி மட்டுமே வரும், அதற்கென்று செய்யப்பட்ட ஸ்கோப்பின் உள்ளே லென்சுகள் அந்த ஒரு திசையைத் தாங்கும்படி அமைந்திருக்கும். விலை உயர்ந்த ரைஃபிள் ஸ்கோப்கூட ஸ்பிரிங் கன்னில் சில டப்பா பெல்லட்டுக்குள் குறுக்குக்கோடு சாய்ந்து, உள்ளே லென்சு ஆடி வீணாவது இதனால்தான். வாங்கும்போது "ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு உத்தரவாதம் உண்டா" என்று வாய்விட்டுக் கேட்டு, உண்டு என்று எழுத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

லாஸ் வேகாஸில் ஜனவரியில் நடக்கும் ஷாட் ஷோவையும் நியூரம்பெர்க்கில் நடக்கும் ஐடபிள்யூஏ கண்காட்சியையும் ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் புதுச் சரக்குகள் அறிவிக்கப்படும். இரவிலும் பார்க்கும் டிஜிட்டல் ஸ்கோப், வெப்பத்தைக் காட்டும் தெர்மல், தூரத்தை அளந்து தானே குறியைத் தூக்கிக் காட்டும் ஸ்கோப் என்று வந்துகொண்டே இருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு அவற்றில் பயன் உண்டு. 30 மீட்டருக்குள் காகிதத்தைத் துளைக்கும் நமக்கு அவை தேவையில்லை. நமக்கு முக்கியம் இன்னொன்று: அருகில் இருக்கும் இலக்குக்கு ஃபோகஸ் செய்ய முடிய வேண்டும்.

பொதுவாக ரைஃபிள் ஸ்கோப்பின் பாரலாக்ஸை, அதாவது இலக்கும் குறுக்குக்கோடும் ஒட்டித் தெரியும் தூரத்தை, தொழிற்சாலையில் 100 கெஜத்துக்கு வைத்து மூடிவிடுவார்கள். அதை 10 மீட்டர் இலக்கில் வைத்தால் படம் மங்கும். அதோடு, கண்ணைக் கொஞ்சம் அசைத்தாலே குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். ரைஃபிள் அசையவில்லை, ஆனால் குறி அசைகிறது. கன்னத்தை ஒவ்வொரு முறையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் வைப்பவருக்குச் சரி, மற்றவர்களுக்கு அது குறிப்பிழை. நான் எடுத்தது 3-9×40 (3 முதல் 9 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்சு 40 மிமீ), முன் லென்சைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பினால் 10 கெஜம் வரை கீழே இறங்கும் வகை. டயலின் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் எம்ஓஏ). குறுக்குக்கோடு மில் டாட் வகை, அதாவது கோட்டின்மேல் சம இடைவெளியில் புள்ளிகள் இருக்கும்.

ஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே ரைஃபிளில் பார்க்க வேண்டியவை இரண்டு. கட்டையில், அதாவது ரைஃபிளைத் தாங்கும் கைப்பிடிப் பகுதியில், இருக்கும் ஸ்க்ரூக்கள் முதலாவது. முன்பக்கக் கட்டையின் இரு புறமும், விசைக் காப்பின் அருகிலும் இருக்கும். அதிர்ச்சியில் இவை தளர்ந்துகொண்டே இருக்கும், வெளியே தெரியாது. இரண்டு பக்க ஸ்க்ரூவும் கால் சுற்றுக்கு மேல் இறுகின. எல்லாவற்றையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற மீடியம் லாக் திரவத்தை ஒரு சொட்டு விட்டு மறுபடி பூட்டினேன்.

இரண்டாவது, குழல் மடங்கும் இடத்தில் காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற வளையம். அது தேய்ந்தால் காற்று அந்த இணைப்பு வழியே கசியும். ஒவ்வொரு வெடிப்பிலும் கசிவு ஒரே அளவாக இருக்காது, வேகம் ஏறி இறங்கும், காகிதத்தில் பெல்லட் துளைகளின் கூட்டம், அதாவது குழு, மேலும் கீழுமாக நீளும். சோதிப்பது சுலபம். டிஷ்யூ பேப்பரிலிருந்து நூல் அளவுக்கு ஒரு கீற்றைக் கிழித்து, இணைப்பின் மேலே குறுக்காகப் படுக்க வையுங்கள். பெல்லட் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, இலக்குப் பெட்டியைப் பார்த்துச் சுடுங்கள். என் ரைஃபிளில் கீற்று எம்பித் தரையில் விழுந்தது. குண்டூசியால் ஓ-ரிங்கை நெம்பி எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் உருண்டையாகவும் மறு பக்கம் தட்டையாகவும் இருந்தது. வெர்னியரில் அளந்து, அதே அளவில் புதியதைப் போட்டேன். மறுபடி சுட்டபோது கீற்று அசையவில்லை. மேலே சொன்ன 238 மீட்டர் வேகம் இதற்குப் பிறகு எடுத்தது. இந்த இடத்தில் சாதாரண மெஷின் எண்ணெய் விடவே கூடாது. இறுகும் காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் இன்ஜினில் போலவே பற்றிக்கொள்ளும். புகையும் பெரிய சத்தமும் வரும், சீல் பாழாகும். எண்ணெய் தேவை என்றால் சிலிகான் எண்ணெய், அதுவும் தொட்டுத் தடவும் அளவுக்குத்தான்.

இதற்கு முன் அதில் இருந்தவை பெட்டியோடு வந்த இரண்டு தனித்தனி வளையங்கள். அவற்றைக் கழற்றியதும் கதை தெரிந்துவிட்டது. ரைஃபிளின் மேல் இருக்கும், மவுண்ட் கவ்விக்கொள்ளும் டவ்டெய்ல் பள்ளத்தில், பின் வளையம் இருந்த இடத்துக்கு முன்னால் ஒரு நூல் கனத்துக்குப் பளபளவென்று உரசிய தடம். அதாவது வளையம் மெல்ல மெல்லப் பின்னால் வழுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. ரைஃபிள் முன்னால் வெட்டி இழுபடும்போது ஸ்கோப் தன் கனத்தால் பின்தங்குகிறது, வளையத்தை இழுத்துக்கொண்டு வருகிறது. காலையில் சரியாக இருந்த ஜீரோ (குறி வைத்த புள்ளியிலேயே பெல்லட் விழும்படி வைத்த அமைப்பு) மாலையில் இல்லாமல் போவதன் காரணம் கண்ணெதிரே இருந்தது.

புதிதாக வாங்கியது ஒரே துண்டாக உள்ள மவுண்ட். வாங்கும்போது பள்ளத்தின் வகையைப் பாருங்கள். ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலும் 11 மிமீ டவ்டெய்ல் இருக்கும். பெரிய ரைஃபிள்களில் காணப்படும் பிகாட்டினி அகலமானது, குறுக்கே 5.23 மிமீ அகலத்தில் வரிசையாக வெட்டுகள் இருக்கும். ஒன்றுக்குரிய மவுண்ட் மற்றொன்றில் உட்காராது. இந்த மவுண்டில் பின்பக்க வளையத்துக்கு அடியில் ஒரு சிறிய ஸ்டாப் பின் இருக்கிறது. அதை ஆலன் கீயால் திருகி இறக்கினால் ரைஃபிளின் மேற்புறத்தில் உள்ள துளைக்குள் போய் உட்காரும். வழுக்குவதைத் தடுப்பது இந்தப் பின்தான், பக்கவாட்டு இறுக்கம் அல்ல. உங்கள் ரைஃபிளில் துளை இல்லை என்றால், மவுண்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப் பிளாக் பூட்டிக்கொள்ளலாம்.

மவுண்டைக் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ரெண்டு வளையமும் ஒரே கோட்டுல இருக்குன்னு யாருங்க சொன்னாங்க?" என்றார். பேச்சோடு பேச்சாக ஓர் இரும்புக் கம்பியை லேத்தில் ஏற்றி 25.4 மிமீக்குக் கடைந்தார். ஸ்கோப் குழாயின் விட்டம் அதுதான். மவுண்டை ரைஃபிளில் இறுக்கமாகப் பூட்டி, மேல் மூடிகளைக் கழற்றி, கீழ் அரைவட்டங்களில் கம்பியை வைத்து, ஆட்டோ ஸ்பேர் கடையில் கிடைக்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி முன்னும் பின்னும் தேய்த்தோம். துடைத்துப் பார்த்தபோது முன் வளையத்தில் இடது ஓரத்தில் மட்டும் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை தெரிந்தது, பின் வளையத்தில் அடிப்பாகத்தில் மட்டும். ஸ்கோப்பை அப்படியே வைத்து இறுக்கியிருந்தால் குழாய் அந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே முறுகியிருக்கும். வெள்ளைத் தடம் அரைவட்டத்தின் முக்கால் பாகத்துக்குப் பரவும்வரை தேய்த்தோம். அதற்கு மேல் தேய்த்தால் வளையம் பெரிதாகிப் பிடிமானம் போய்விடும். பிறகு பேஸ்ட் ஒரு துகள்கூட மிஞ்சாமல் மண்ணெண்ணெயில் கழுவினார். "இது உள்ள போச்சுன்னா உங்க ரைஃபிளையே அரைச்சுப் போட்டுருமுங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

பூட்டுவதற்கு முன் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதன் நடுப்புள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் யாராவது திருகிப் பார்த்திருப்பார்கள். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு நிறுத்தி, ஸ்கோப்பின் முன் வாயை அதில் தட்டையாக ஒட்டி வைத்து, குறைந்த உருப்பெருக்கத்தில் உள்ளே பாருங்கள். ஒரு குறுக்குக்கோடும், சற்றுத் தள்ளி மங்கலாக அதன் பிம்பமும் தெரியும். மேல் டயலையும் பக்க டயலையும் திருகத் திருக இரண்டும் நெருங்கி வரும், ஒன்றன்மேல் ஒன்று படிந்ததும் நிறுத்துங்கள். வெளிச்சம் போதாவிட்டால் பிம்பம் தெரியாது, ஜன்னல் பக்கம் போய்ச் செய்யுங்கள். முடிந்ததும் டயல்களின் பூஜ்யத்தை அந்த இடத்துக்கு மாற்றி வைத்தேன்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைச் சரிசெய்ய நான் செய்வது இது: உருப்பெருக்கத்தை 9-ல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னம் இயல்பாகப் படியும் இடத்தில் படியவிட்டு, அப்புறம் கண்ணைத் திறப்பேன். சுற்றிலும் கறுப்பு நிழல் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கோப்பை நகர்த்த வேண்டும், கழுத்தை நீட்டக் கூடாது.

நேராக இருக்கிறதா என்று பார்க்க, ரைஃபிளிலிருந்து 10 மீட்டர் தள்ளி, குடோனின் விட்டத்தில் கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். வெள்ளை நூல், பின்னால் கறுப்புச் சார்ட் பேப்பர். ரைஃபிளைத் துணிமூட்டையில் சாய்த்து, டவ்டெய்ல் தட்டையின் மேல் சின்ன ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்து, குறுக்குக்கோட்டின் செங்குத்துக் கோடு நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றினேன். சாய்வு இருந்தால் ஒரே தூரத்தில் தெரியாது. தூரம் மாறும்போது பெல்லட் பக்கவாட்டில் விலகும், அதைக் காற்றின் தலையில் போட்டுவிடுவோம்.

மேல் மூடிகளை இறுக்குவதில் பொறுமை வேண்டும். நான்கு ஸ்க்ரூவையும் மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றாகக் கால் சுற்று. மூடிக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இடதுபுறம் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே வலதுபுறமும் இருக்க வேண்டும். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் (torque) டிரைவர் இருந்தால் சுமார் 2 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். இல்லாதவர்கள் ஆலன் கீயின் நீண்ட கையை ஸ்க்ரூவில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் மட்டும் திருகினால் கிட்டத்தட்ட அந்த அளவில் நிற்கும். முழு பலத்தையும் காட்டினால் குழாய் நசுங்கி, உருப்பெருக்க வளையம் சிக்கும். லாக் திரவத்தை மவுண்டின் அடிப்பக்க ஸ்க்ரூக்களுக்கு மட்டும் விட்டேன். கடைசியாக மவுண்டின் பின் விளிம்பை ஒட்டி டவ்டெய்லின் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு. மவுண்ட் அசைந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

சுட்ட இடம் எங்கள் தோட்டத்தில் சும்மா கிடக்கும் நீளமான நெல் குடோன். காற்று இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை, வாசலில் உள்தாழ்ப்பாள். இலக்குப் பெட்டி மரத்தில் செய்தது. உள்ளே பின்புறம் 3 மிமீ இரும்புத் தகடு கீழ்நோக்கிச் சாய்வாக, அதற்கு முன்னால் பழைய துணிகளைத் திணித்து வைத்திருக்கிறேன். வெறும் சுவரையோ நேர்த் தகட்டையோ இலக்குக்குப் பின்னால் வைத்தால் ஈயம் தெறித்துத் திரும்பி வரும். சுடுபவர், பக்கத்தில் நிற்பவர் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெல்லட் போடும்போது மடங்கிய குழலை ஒரு கையால் பிடித்தே இருங்கள். விசை நழுவினால் குழல் மேலெழும்பி விரலை நசுக்கிவிடும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். கையில் படிந்திருப்பது ஈயம்.

முதல் ஐந்து பெல்லட்டுகள், 10 மீட்டர். குறி வைத்த புள்ளிக்கு 70 மிமீ கீழே விழுந்தன, பக்கவாட்டில் அநேகமாகச் சரி. பிரேக் பேரல்களில் இது எதிர்பார்த்ததுதான். மடங்கும் குழல் பூட்டிக்கொள்ளும்போது வாய்ப்பகுதி சற்றே கீழ்நோக்கி நிற்கும். ரைஃபிளோடு கூடவே வரும் திறந்த குறியில் (லென்சு இல்லாத சாதாரணக் குறி) அந்தச் சாய்வு ஈடுகட்டப்பட்டிருக்கும், ஸ்கோப் போட்டதும் வெளிப்படும்.

இங்கே பலர் செய்வது மேல் டயலைத் திருகிக்கொண்டே போவது. கால் எம்ஓஏ கிளிக் என்றால் 10 மீட்டரில் ஒரு கிளிக் 0.73 மிமீதான் நகர்த்தும். ஜீரோவை 20 மீட்டரில் வைப்பதாக முடிவு செய்திருந்தேன். என் ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுக்கோட்டுக்கு 45 மிமீ மேலே இருக்கிறது. அப்படியானால் 10 மீட்டரில் பெல்லட் இயல்பாகவே 13 மிமீ போலத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆக, தூக்க வேண்டியது 57 மிமீ, அதாவது 78 கிளிக். டயலை அவ்வளவு மேலே ஏற்றினால் உள்ளே இருக்கும் குழாயைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். அதன்பின் ஒவ்வொரு அதிர்ச்சியிலும் குறுக்குக்கோடு தன் இஷ்டத்துக்கு நகரும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் கணிசமானவை இப்படி டயல் உச்சத்துக்குப் போனவையாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

அதற்குப் பதிலாகப் பின் வளையத்தைச் சற்று உயர்த்தலாம். என் மவுண்டில் இரண்டு வளையங்களுக்கும் நடுவே 100 மிமீ. பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வெர்னியரில் அளந்தால் 0.2 மிமீ. இரண்டு கீற்றுகளை வளையத்தின் அகலத்துக்கு வெட்டி, பின் வளையத்தின் கீழ் அரைவட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். 100 மிமீக்கு 0.4 மிமீ என்றால் மீட்டருக்கு 4 மிமீ, 10 மீட்டரில் 40 மிமீ. மறுபடி எல்லாவற்றையும் முறைப்படி இறுக்கிச் சுட்டதில் குழு 30 மிமீ கீழே வந்து நின்றது. கணக்கும் காகிதமும் ஒத்துப்போன அந்தத் தருணம் இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்தது. மிச்சத்துக்கு டயலில் 23 கிளிக் போதும். இரண்டு கீற்றுக்கு மேல் வைக்காதீர்கள். குழாய் வளைய ஆரம்பிக்கும், வளையங்களை பேஸ்ட் போட்டுத் தேய்த்த லேப்பிங் வேலைக்கே அர்த்தமில்லாமல் போகும். அதைவிடச் சாய்வு அதிகமான ரைஃபிளுக்கு டிரூப் மவுண்ட் என்றே தனியாக விற்கிறது.

பிறகு 20 மீட்டருக்குப் போனேன். அங்கே ஒரு கிளிக் 1.45 மிமீ. ஒரு பெல்லட்டைப் பார்த்து டயலைத் தொடக் கூடாது, ஐந்தின் நடுப்புள்ளியைப் பார்த்துத்தான் திருக வேண்டும். டயலை மாற்றியதும் விழும் முதல் இரண்டு பெல்லட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை, உள்ளே ஸ்பிரிங் நிலைகொள்ள அந்த அதிர்ச்சி தேவைப்படுகிறது.

ரைஃபிளை எப்படிப் பிடிக்கிறோம் என்பதும் ஸ்பிரிங் கன்னில் பெரிய விஷயம். பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள்ளாகவே ரைஃபிள் அசையத் தொடங்கிவிடுகிறது. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். முன்கட்டையை மேசை விளிம்பிலோ கெட்டியான மூட்டையிலோ வைத்தால் துள்ளும். மணல் மூட்டையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன்மேல் ரைஃபிளைச் சும்மா கிடத்தினேன், தூங்கும் குழந்தையைத் தாங்குவது போல. விரல்கள் மூடவில்லை. தோளிலும் அழுத்தம் இல்லை. இறுக்கிப் பிடித்துச் சுட்டபோது 20 மீட்டரில் குழு 40 மிமீக்கு மேல் போனது. கையைத் தளர்த்தியதும் 20 மிமீக்கு வந்துவிட்டது. மையத்துக்கு மையம் அளவு இது. வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 4.5 மிமீ கழித்தால் கிடைக்கும்.

பெல்லட் வகைக்கும் வித்தியாசம் உண்டு. தட்டைத் தலை பெல்லட் காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளை போடும், அளக்க வசதி. ஆனால் 20 மீட்டருக்கு மேல் என் ரைஃபிளில் அது சிதறியது. உருண்டைத் தலை, 0.547 கிராம், தலை அளவு 4.52 மிமீ என்று டப்பாவில் போட்டிருப்பது சேர்ந்து விழுந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். தானாக வழுக்கி விழுந்தால் தலை சிறியது. இது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும், அடுத்தவர் சொல்வதை வைத்து மொத்தமாக வாங்காதீர்கள்.

ஜீரோ 20-ல் நின்றபின் மற்றத் தூரங்களில் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். 10 மீட்டரில் 13 மிமீ கீழே. 15 மீட்டரில் 4 மிமீ கீழே. 25-ல் 2 மிமீக்கும் குறைவு, குழுவின் அகலத்துக்குள் அது தெரியவே இல்லை. 30-ல் 9 மிமீ கீழே. பெல்லட் குறிக்கோட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி, 20-ஐ ஒட்டித் தொட்டு, கொஞ்ச தூரம் கூடவே போய், மறுபடி இறங்குகிறது. புதிதாக வருபவர்களுக்கு 10 மீட்டரில் ஏன் தாழ்வாக விழுகிறது என்பது பெரிய குழப்பம். கிட்ட இருப்பதால் மேலேதான் விழும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஸ்கோப்பும் குழலும் 45 மிமீ இடைவெளியில் இருப்பதை ஒரு தாளில் இரண்டு கோடுகளாக வரைந்து காட்டினால் புரிந்துவிடும்.

இனி டயலைத் தொடத் தேவையில்லை, மில் டாட்டே போதும். ஒரு மில் என்பது 10 மீட்டரில் 10 மிமீ. ஆனால் என் ஸ்கோப் இரண்டாம் ஃபோகல் பிளேன் வகை, உருப்பெருக்கத்தை மாற்றினால் குறுக்குக்கோட்டின் அளவு மாறாது, இலக்கு மட்டும் பெரிதாகும். அதனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் உண்மை. 10 மிமீ இடைவெளியில் கோடு போட்ட தாளை 10 மீட்டரில் ஒட்டி, வளையத்தைத் திருகிக்கொண்டே பார்த்தேன். 9-க்குச் சற்றுக் கீழே புள்ளிகள் கோடுகளோடு சரியாகப் படிந்தன. அந்த இடத்தில் வளையத்தில் வெள்ளைப் புள்ளி வைத்துவிட்டேன். முதல் ஃபோகல் பிளேன் ஸ்கோப்புகள் இப்போது நிறைய வருகின்றன, அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் குறைந்த உருப்பெருக்கத்தில் கோடுகள் மிக மெலிந்துவிடும். ஒரே உருப்பெருக்கத்தில் சுடுபவருக்கு அந்தக் கூடுதல் விலை வேண்டாம் என்பேன்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்குப் பழகும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்கோப் வாங்கப் போகிறார்கள், அவர்களுக்காக ஒன்று. அந்தப் போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் டயாப்டர் குறிதான். அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைகளில் சுடுவதும் அதில்தான். அங்கே பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. போட்டி ரைஃபிள் அழுத்தக் காற்றில் இயங்குவது, அதிர்ச்சி அநேகமாக இருக்காது. நாம் இங்கே பேசும் ஸ்பிரிங் ரைஃபிள் வேறு இனம்.

ஒரு டப்பா பெல்லட் முழுவதும் சுட்டபின் நெயில் பாலிஷ் கோட்டை லென்சு வைத்துப் பார்த்தேன். மவுண்டின் விளிம்பு கோட்டை ஒட்டியே இருக்கிறது, நடுவில் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. டிஷ்யூ கீற்றும் அசையவில்லை. கட்டை ஸ்க்ரூக்களில் ஒன்று மட்டும் சற்றுத் தளர்ந்திருந்தது, முன்பக்கம் வலதுபுறம். அதன் தலைக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் வாஷர் தட்டையாகியிருந்தது, மாற்றினேன். 30 மீட்டரில் குழு 35 மிமீக்கு விரிகிறது. இந்த ரைஃபிளுக்கு அதுவே எல்லை என்று எடுத்துக்கொண்டு, கட்டையில் ஒட்டியுள்ள சீட்டில் 25 மீட்டர் வரைக்கும்தான் எழுதி வைத்திருக்கிறேன்: 10-க்கு ஒன்றேகால் புள்ளிக்குச் சற்று மேல், 15-க்குக் கால் புள்ளி, 20-லும் 25-லும் நேர். அடுத்த வேலை விசை. இழுப்பு கனமாகவும் நீளமாகவும் இருக்கிறது, கைப்பிசகில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பாகம் என்பதால் அதை நான் வீட்டில் பிரிக்கப் போவதில்லை. கிளப்பில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொடுத்திருக்கிறேன்.